தேடுபொறிக்கு ஊர்ப்பெயர் தெரியுமா?

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் இறுதி நாட்களிலே டித்வா என்னும் புயல் இலங்கையின் கீழ்க்கரையில் ஏறித் தீவை நீரில் ஆழ்த்தியது. அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. மகாவலி பெருகியது, மாவிலாற்று அணைக்கட்டின் கரை உடைந்தது, மூதூர், வெருகல், சேருவில முதலிய பகுதிகளின் மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினர். அந்நாட்களில் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வாழும் எங்களுக்கெல்லாம் ஒரே வேலையாயிருந்தது. கைத்தொலைபேசியை எடுத்து ஒரு பெயரைத் தட்டெழுதித் தேடுவோம். அது உறவினர் ஒருவரின் பெயராயிருக்கும். அன்றேல் அவர் வாழும் ஊரின் பெயராயிருக்கும். ‘முடிவுகள் எவையும் இல்லை’ என்று விடை வரும்பொழுது நெஞ்சு துணுக்குறும். ஆனால் ஆள் இல்லாமையோ செய்தி இல்லாமையோ மட்டுமே அதற்குக் காரணமென்று கொள்ளலாகாது. தேடிய பெயர் ஓர் எழுத்துக்கூட்டிலும், பதிந்த பெயர் வேறோர் எழுத்துக்கூட்டிலும் இருந்தாற் போதும்; பொறி கையை விரித்துவிடும்.

இத்தகைய இடர்களின் பின்னர் இளைஞரிடையே ‘ஹக்கத்தோன்’ என்ற சொல் அடிக்கடி கேட்கிறது. நிரலாளர் பலர் ஓரிடத்திற் கூடி, ஓரிரு பகலும் இரவுமாக உழைத்து, குறித்த நேரத்துள் ஒரு கருவியை அமைத்துக் காட்டும் பந்தயத்துக்கு அப்பெயர். 1999ஆம் ஆண்டு கனடாவின் கல்கரி நகரில் ஓப்பன்பீஎஸ்டி என்னும் மென்பொருளை ஆக்குவோர் கூடிய கூட்டத்தையே இச்சொல்லின் தொடக்கமென்பர். அன்று பரிசு இல்லை, வேலைதான் இருந்தது. இன்று பரிசும் மேடையும் வந்து சேர்ந்திருக்கின்றன. அவ்வாறான பந்தயமொன்றுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் சிலர், தேடல் வசதியை விரைவில் அமைப்பதற்கு உதவும் சாதனங்கள் யாவையென என்னைக் கேட்டனர். நான் தொழிலால் நிரலாளன் அல்லேன். தபாற்கந்தோரில் கடிதம் தரம்பிரித்துக் காலங் கழித்துவிட்டு, ஓய்வில் கணினித் தமிழ் பற்றிப் படித்து வருபவன். எனினும் பெயரைக் கொண்டு ஆளைத் தேடும் தொழில் எனக்குப் புதியதன்று. ஆகவே விடை சொல்லத் துணிந்தேன்.

சாதனங்களுக்குப் பஞ்சமில்லை. தேடுபொறியின் உயிர்நிலை, பழைய நூல்களின் கடைசியிற் காணும் சொல்லடைவு போன்றதே. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதை முன்கூட்டியே தொகுத்து வைத்துக்கொண்டால், கேட்டவுடன் பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம். இவ்வடைவை ஆக்கும் லூசீன் என்னும் மென்பொருளை டக் கட்டிங் என்பார் எழுதினார். அதன்மேற் கட்டப்பட்ட எலாஸ்டிக்சேர்ச் 2010இல் வந்தது. சிறு பந்தயத்துக்கு அவ்வளவு பெரிய இயந்திரமும் வேண்டியதில்லை. எஸ்கியூலைட் போன்ற சிறு தரவுத்தளத்திலேயே சொல்லடைவு வசதி உண்டு. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம், சொற்களை மும்மூன்று எழுத்துத் துண்டுகளாக வெட்டி ஒப்பிட்டு, ஏறத்தாழ ஒத்தவற்றையும் எடுத்துத் தரும். தமிழ்ச் சொல்லின் வேற்றுமை உருபுகளைக் களைந்து அடிச்சொல்லைக் காட்டும் விதித்தொகுதி, ஸ்னோபால் என்னும் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழைக் குறிகளாகவன்றி எழுத்துகளாகவே பிரித்துக் கையாள ‘ஓப்பன் தமிழ்’ என்ற நிரற்றொகுதி உண்டு. இவற்றை இறக்கிக்கொள்ள ஒரு மணி நேரம் செல்லாது. ஆனால் இவற்றுள் எதுவுமே கிண்ணியாவை அறியாது, தம்பலகாமத்தை அறியாது, இராசையாவும் ராஜையாவும் ஒருவரேயாகலாம் என்பதையும் அறியாது. அங்கேதான் நம் வேலை தொடங்குகிறது.

பந்தய மேடை இல்லாமலே பிறந்த ஒரு கருவியை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. எங்கள் மாவட்டத்தில் நிலாவெளி, கிண்ணியா, மூதூர்க் கரைகள் சிதைந்தன. கிண்ணியாவின் வைத்தியசாலையே அழிந்தது. அலை வடிந்த சில நாட்களுள் இலங்கையின் கணினித் துறையினர் ஊதியங் கருதாது ஒன்றுகூடி, ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதினர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, தேவைகளின் பதிவேடு என அது விரிந்தது. 2005இல் பாகிஸ்தானின் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்சின் மண்சரிவிலும், 2010இல் ஹெயிற்றியிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகநல விருதை அதற்கே வழங்கியது. நம் நாட்டில் எழுதிய நிரல் உலகத்துக்கு உதவியது என்று பெருமைப்படுவதில் தவறில்லை.

அதன் முதற் பதிவேடுகளுள் ஒன்று காணாமற்போனோர் பதிவேடு என்பதே நாம் கவனிக்க வேண்டியது. பேரிடரிற் சிக்கிய மனிதன் அரிசியையும் துணியையும் கேட்குமுன் ஒரு பெயரைத்தான் கேட்கிறான். 2010 ஜனவரியில் ஹெயிற்றி நிலநடுக்கத்தின் பொழுது கூகிள் நிறுவனம் அமைத்த ஆள்தேடு கருவியும் அதே கேள்விக்கு விடையாகவே எழுந்தது. அக்கருவி கைக்கொண்ட பதிவு ஒழுங்கோ, 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரினாப் புயலின் பின்னர், பல இடங்களிற் சிதறிக் கிடந்த பட்டியல்களை ஒன்றுசேர்ப்பதற்காக வகுக்கப்பட்டது.

இனித் தமிழுக்கு வருவோம். முதலாவது தடை கண்ணுக்குத் தெரியாதது. இலங்கையில் நெடுங்காலம் ‘பாமினி’ என்னும் எழுத்துருவில் ஆவணங்கள் தட்டெழுதப்பட்டன. அதில் ‘தமிழ்’ என்று திரையில் தோன்றுவது, கணினியின் வயிற்றிலே ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். அத்தகைய பட்டியலை ஒருங்குறிக்கு மாற்றாமல் தேடுபொறியிடம் ஒப்படைத்தால், அது பாவம், என்ன செய்யும்? ஆங்கிலக் குப்பையென்றே கொள்ளும். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாக உள்ளன. பந்தயத்தின் முதல் மணி நேரத்தை இதற்கு ஒதுக்காதவர்கள் மற்றைய மணிகளை வீணாக்குவர்.

ஒருங்குறிக்கு வந்தபின்னும் பொறிகள் தீர்வதில்லை. எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘திருகோணமலை’ நம் கண்ணுக்கு ஆறெழுத்து. கணினிக்கோ பத்துக் குறிகள். ‘கோ’ என்பதன் ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். பின்னதில் அதே பெயர் பதினொரு குறிகளாகிவிடும். இரண்டும் திரையில் ஒன்றே; உள்ளே வேறு. இவ்விரண்டும் சமமென்று ஒருங்குறியே விதித்திருக்கிறது. அவ்விதிப்படி ஒழுங்காக்கும் கட்டளை பல நிரல்மொழிகளில் ஒரு வரியில் அடங்கும். ஆனால் அவ்விதி காப்பாற்றாத இடமும் உண்டு. ‘சௌந்தரம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ளகரத்தையும் தட்டி ‘செளந்தரம்’ என எழுதுவோர் எத்தனை பேர்! அவ்விரண்டையும் ஒருங்குறி சமமாகக் கொள்ளாது. அதனை நாமே சொல்லிக்கொடுக்க வேண்டும். சௌந்தரம் என்ற பெயருடைய ஒரு கிழவியை முகாமிலே தேடும் மகனுக்கு, இந்த ளகரம் எத்துணை பெரிய மதிலென்று எண்ணிப் பாருங்கள்.

பெயர்களின் வேறுபாட்டை நான் பிழையென்று சொல்ல மாட்டேன். லக்ஷ்மி, லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி, இலக்குமி என்று ஐந்து வடிவங்களுள் எது பிழை? ராசையா, இராசையா, ராஜையா; லோகநாதன், உலோகநாதன்; ரங்கநாதன், அரங்கநாதன்; ஜெயரத்தினம், செயரத்தினம், ஜெயரட்ணம். தபாற்கந்தோரில் இவற்றைக் கண்டு நாங்கள் மலைத்ததில்லை. ஏனெனில் வேறுபாடு தாறுமாறானதன்று. அதற்கொரு நெறி உண்டு. ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா. வடசொல் வரும்பொழுது ரகரத்தின் முன் அகரமோ இகரமோ உகரமோ, லகரத்தின் முன் இகரமோ உகரமோ வந்து நிற்கும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்திருக்கிறார். வடவெழுத்துகள் எவ்வெழுத்துகளாகத் திரியும் என்பதற்கும் அங்கே விதி உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இலக்கணம் இருபத்தோராம் நூற்றாண்டின் நிரலாளனுக்கு ஆயத்தமாக எழுதி வைக்கப்பட்ட விதித்தொகுதியாகும். பந்தயத்துக்குச் செல்லும் பிள்ளைகள் மடிக்கணினியோடு நன்னூற் பிரதியொன்றையும் பையில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபொழுது சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவ்விதிகளை நிரலாக எழுத இருபது வரிகள் போதும்.

முஸ்லிம்களின் பெயர்களுக்கு நன்னூல் துணை செய்யாது. முகம்மது, முகமது, முஹம்மத், மொஹமட் என வருவனவற்றையும், லெப்பை, லெவ்வை என வருவனவற்றையும் வழக்கறிந்தோரிடமே கேட்டுத் தொகுக்க வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி எங்கள் மாவட்டத்தில் எந்த ஓர் இனத்தாரும் அரைப்பங்கைத் தாண்டவில்லை. முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் மூவரும் கணிசமாக வாழும் நிலம் இது. ஆதலால் தமிழை மட்டும் அறிந்த தேடுபொறி இங்கே மூன்றிலொரு பங்குப் பொறியாகவே அமையும். போதாக்குறைக்கு, புலம்பெயர்ந்த உறவினர் ஆங்கில எழுத்திலே தேடுகின்றனர். ஈழத்தார் ‘ரொறன்ரோ’ என்பதைத் தமிழகத்தார் ‘டொராண்டோ’ என்பர். ஒரு நகரத்துக்கே இக்கதியென்றால் மனிதனுக்குக் கேட்கவேண்டுமா?

ஆங்கில எழுத்துக்கூட்டுக்கு ஒரு பழைய மருந்து உண்டு. அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெற்ற ‘சவுண்டெக்ஸ்’ என்னும் முறை, பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை நீக்கி, ஒத்த ஒலியுடைய மெய்களுக்கு ஒரே இலக்கத்தைக் கொடுக்கும். ஸ்மித் என்பதை எவ்வாறு எழுதினாலும் ஒரே குறியீடு வந்துவிடும். பல தரவுத்தளங்களில் இது ஆயத்தமாகவே இருப்பதால் அவசரக்காரர் இதனையே நாடுவர். நம் பெயர்களுக்கோ இது முதலெழுத்திலேயே காலை வாருகிறது. செல்லையா என்பாரை ஒருவர் ஆங்கிலத்தில் ‘சீ’ என்ற எழுத்தை முதலாக வைத்து எழுதுகிறார். மற்றொருவர் ‘எஸ்’ என்ற எழுத்தை வைக்கிறார். மற்றைய இலக்கங்கள் அனைத்தும் ஒத்திருந்தும், தலை வேறாகையால் இருவர் ஆகிவிடுகின்றனர். பாலசிங்கம் ‘பீ’யிலும் நிற்பார், வல்லொலிப் ‘பி’யிலும் நிற்பார். கணபதிப்பிள்ளையின் மகன் முன்னெழுத்தாகக் ‘கே’யையும் இடலாம், ‘ஜீ’யையும் இடலாம். எனவே நமக்கு வேண்டியது வேறு குறியீட்டு முறை: முதலெழுத்துக்கும் இனமெழுத்து நோக்கி, லகர ளகர ழகரங்களையும் ரகர றகரங்களையும் நகர னகர ணகரங்களையும் தனித்தனிக் கூட்டங்களாக்கி, இரட்டித்த மெய்யை ஒன்றாகக் கொள்வது.

ஆனால் தளர்த்திக்கொண்டே போவதிலும் ஆபத்து உண்டு. திருகோணமலை நகரின் வடமேற்கே வெந்நீர்க் கிணறுகளையுடைய கன்னியா உளது. குடாவுக்கு அப்பால் தெற்கே கிண்ணியா உளது. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்குமிடையே ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. ஓரெழுத்து வழுவை மன்னிக்குமாறு கட்டளையிட்ட தேடுபொறி, கன்னியாவைக் கேட்டவனுக்குக் கிண்ணியாவைக் காட்டும். மருந்து கேட்டது ஓரூர், படகு சென்றது வேறூர் என்றால் அதனை நுட்பம் என்பதா? ஊர்ப்பெயரைப் பொறுத்தமட்டில் எழுத்தொப்புமையை நம்பாது, இன்ன இன்ன பெயர்கள் ஓரூர், இன்ன இன்ன வேறூர் என்று எழுதி வைத்த பட்டியலையே நம்ப வேண்டுமென்பது என் முடிவு. ஆட்பெயரில் தளர்ச்சி நல்லது. அங்கேயும் அப்படியே ஒத்தது முதலிலும், அறிந்த மாற்றுவடிவம் அடுத்தும், ஒலியொத்தது கடைசியிலுமாக அடுக்கி, எது எவ்வகையென்பதைத் தேடுபவன் காணும்படி குறித்திருக்க வேண்டும்.

அப்பட்டியல் எங்கே? திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை, கோணமலை, பேச்சிலே ட்ரிங்கோ, சிங்களத்திலே திரிகுணாமலய; ஓரூருக்கே இத்தனை. எண்ணெய்த் தாங்கிகளின் பேச்சு எழும்போதெல்லாம் பத்திரிகைகளில் வரும் இடம் சீனக்குடாவா, சீனன்குடாவா? தம்பலகாமம், தம்பலகமம், கொட்டியாரம், கொட்டியாபுரம், கந்தளாய், சிங்களத்திற் கந்தளே. பெயர்ச் சொல்லின் இறுதியும் மாறும்: தம்பலகாமத்தில் என்றெழுதியதைத் தம்பலகாமம் என்று தேடுவோன் காணவேண்டுமாயின் மகரம் கெட்டு அத்துச் சாரியை வருவதைப் பொறி அறியவேண்டும். எந்தப் பெயர் பழையது, எது திணிக்கப்பட்டது என்ற வழக்கு இம்மாவட்டத்தில் நெடுநாளையது. அதன் நியாயங்களை நான் மறுக்கவில்லை. ஆயினும் வெள்ளத்தில் நிற்பவன் தான் அறிந்த பெயரைத்தான் எழுதுவான். தேடுபொறி வழக்குத் தீர்க்கும் மன்றமன்று. எல்லாப் பெயர்களையும் ஏற்று ஓரிடத்துக்கு வழி காட்டினாற் போதும்.

பழைய பெயர்கள் வேண்டுவோர்க்கு 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் பெரிய சுரங்கம். அங்கே பெரும்பாலும் பக்கங்களின் படங்களே உள்ளன. படத்தை எழுத்தாக்க டெசரக்ட் முதலிய இலவசக் கருவிகள் தமிழ் பயின்றிருக்கின்றன. பழைய அச்சிலே அவை தடுமாறும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை லை, ளை, ணை, னை என்பன துதிக்கை வடிவத்தில் அச்சாயின. இலங்கையில் அவ்வடிவம் பின்னும் நீடித்தது. திருகோணமலையின் கடைசி எழுத்தே அவ்வாறானது என்பதை மறவாதீர்.

மற்றொன்றையும் வற்புறுத்தியாக வேண்டும். இந்நாட்டிலே காணாமற்போனோர் என்ற சொல்லுக்கு வெள்ளத்தின் பொருள் மட்டும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அதற்கென ஓர் அலுவலகமே அமைந்தது. இன்றும் தாய்மார் படங்களை ஏந்தித் தெருவில் நிற்கின்றனர். பெயர்ப் பட்டியலொன்று யார் கைக்குப் போகும் என்று அஞ்சும் குடும்பங்கள் இங்கே உள. தனியாள் தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இரண்டு நாட் பந்தயத்தின் உற்சாகத்தில், மெய்யான மனிதரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் முகாமும் அடங்கிய பட்டியலை எவரும் இறக்கிக்கொள்ளுமாறு வைப்பது குற்றம். பரிசோதனைக்குக் கற்பனைப் பெயர்களே தகும். தேடுபவனுக்கு ‘இவர் இருக்கிறார்; தொடர்புகொள்ள விரும்புகிறீரா?’ என்ற அளவே காட்டி, மற்றதை முகாமிலுள்ளவரின் இசைவுக்கு விடவேண்டும். பதிவு எத்தனை நாளில் அழியும் என்பதையும் முதல் நாளே தீர்மானிக்க வேண்டும்.

இத்தனையும் இரண்டு நாட்களில் ஆகுமா என்பீர்கள். ஆகாது. நிரல் ஆகும், பட்டியல் ஆகாது. நடுவர்கள் திரையின் அழகைப் பார்ப்பார்கள். நானூறு ஊர்ப்பெயர் வடிவங்களைப் பொறுமையாகத் தொகுத்தவனுக்கு மேடையிற் காட்ட ஒன்றுமிராது. ஆதலால் பட்டியல் பந்தயத்துக்கு முன்பே, வேறு கைகளால், ஆகவேண்டும். திருகோணமலை மாவட்டம் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளும் 230 கிராம அலுவலர் பிரிவுகளும் கொண்டது. ஒரு பிரிவுக்கு ஒரு மாலைப்பொழுது என வைத்தாலும், பாடசாலை ஆசிரியர் முப்பது பேர் எட்டு மாலைகளில் முடித்துவிடலாம். தபாற்காரர், விவாகப் பதிவாளர், மீனவர் சங்கத்தார், பள்ளிவாசற் கணக்கர், கோயில் உபயப் பட்டியல் எழுதுவோர் ஆகிய இவர்களைக் கேட்டால் நிரலாளர் ஓராண்டு தேடினும் காணாத வடிவங்கள் வரும்.

எழுதும் முறையும் எளியதே. ஒரு வரிக்கு ஓரிடம். அதன் எதிரே தமிழ் வடிவங்கள், சிங்கள வடிவங்கள், ஆங்கில எழுத்துக்கூட்டுகள், பேச்சுவழக்கு, ‘இதனோடு மயங்கற்க’ என்றொரு நிரல், சொன்னவரின் ஊர், சொன்ன திகதி. தொகுத்ததை ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்னும் திறந்த நிலப்படத்திலும் விக்கிதரவிலும் மாற்றுப்பெயர்களாக ஏற்றிவிட்டால், பந்தயம் முடிந்து பிள்ளைகள் கலைந்த பின்னும் அது நிற்கும். அடுத்த புயலுக்குக் கருவி எழுதுபவர் கொழும்பில் இருந்தாலென்ன, கனடாவில் இருந்தாலென்ன, அங்கிருந்தே எடுத்துக்கொள்வர். கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள பிரிவுகளை முதலில் எழுதலாம். கன்னியாவுக்கும் கிண்ணியாவுக்கும் எதிரே அந்த ‘மயங்கற்க’ நிரலை நிரப்பிவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.